கூடைக்கு வெட்டிய கிலோ

எல்லா மேடைகளிலும் ஏறுகிறவன் அல்லேன் நான். ஆயினும், பன்னாட்டுத் தொழில்நுட்ப நிறுவனமொன்று புதிய தொழில்முனைவோருக்கு வழிகாட்ட ஹட்டனில் நடத்திய விழாவுக்கு, ஓய்வுபெற்ற கல்லூரி அதிபர் என்ற முறையில் தலைமை தாங்கச் சம்மதித்தேன். பொன்னாடையும் போர்த்தினார்கள்.

லிந்துலையைச் சேர்ந்த கௌசல்யா, தான் உருவாக்கிய செயலியை விளக்கினாள். தேயிலைக் கொழுந்து நிறுக்கும்போது கூடையின் எடை என்று சொல்லித் தோட்டத்தில் கணக்கிலிருந்து எத்தனை கிலோ வெட்டுகிறார்கள் என்பதைத் தொழிலாளி தன் கைபேசியிலேயே பார்த்துக்கொள்ளலாம். நிறுவனம் கைகொடுத்தால்தான் அச்செயலி மற்றத் தோட்டங்களுக்கும் போகும்.

கொழும்பிலிருந்து வந்திருந்த வழிகாட்டி அவளை வாயாரப் பாராட்டிவிட்டு, ஒரு கொழுந்துக் கூடையை நீட்டினார்.

“இத தலையில மாட்டிக்கிட்டு ஒரு போட்டோ எடுப்போம் தங்கச்சி. அந்த வெட்டுற கணக்க மட்டும் எடுத்துருங்க. தோட்டக் கம்பெனிகளும் எங்க கஸ்டமர்தானே?”

அவள் கூடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“கூட மட்டும் வேணும், கூடைக்கு வெட்டுற கிலோ வேணாமாங்க சார்?”

சபை சிரித்தது. வழிகாட்டியும் சிரித்தார். ஆனால் நிறுவனத்தின் ஆதரவு வேறொருவருக்குப் போயிற்று. அவள் கூடையை மேசைமேல் வைத்துவிட்டு வெளியேறினாள்.

அடுத்து, நிறுவனத்தைப் புகழ்ந்து நான் பேச வேண்டும். பொன்னாடையை மடித்து அக்கூடைக்குள் போட்டுவிட்டு, ஒலிவாங்கியைத் தாண்டி மேடையிலிருந்து இறங்கினேன்.

அந்நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் அக்கூடை இன்றும் இருக்கிறது, வேறொரு பெண்ணின் தலையில். அதன் கீழே, தலைமை தாங்கியவர் என்று என் பெயரும் இருக்கிறது.