எம்பார் வக்கீல் பழக்கிய சாட்சி

எம்பாரின் அப்பாவுக்குத் திருவள்ளூர் கோயிலில் மடைப்பள்ளிக் கைங்கரியம். பிள்ளை வக்கீல் ஆனார். அறுபதுகளில் அவரிடம் வந்ததெல்லாம் சத்திரத்து அறக்கட்டளைச் சண்டையும் அரிசி மில் பங்காளிகளின் தகராறும்தான். தர்மத்துக்கு எழுதிவைத்த சொத்தை யார் தின்பது என்பதில் ஊர்ப் பெரிய மனிதர்கள் காட்டிய அக்கறை இருக்கிறதே, அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். எழுபதுகளில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் வேலை போனவர்களும் வர ஆரம்பித்தார்கள். அவர்களைத் திருப்பி அனுப்ப எம்பாருக்குத் தெரியாது. ஃபீஸ் வராத கேஸ்கள் என்று மனைவி கோமளவல்லிக்கு அதில் தீராத எரிச்சல். நியாயம் அவள் பக்கம்தான்.

மோசஸ் அப்படி வந்தவன். இரும்புக் கம்பி ஆலையில் மின்மோட்டார் ஓட்டியவன். அவன் அப்பன் காலம் வரை பண்ணைக் கூலி. அவன் சங்கத்தில் சேர்ந்த கொஞ்ச நாளில் அவன் ஓட்டிய மோட்டார் எரிந்தது. வேண்டுமென்றே எரித்தான் என்று வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள். அன்று மின்சாரம் விட்டுவிட்டு வந்ததில்தான் எரிந்தது என்று ஆலை முழுக்கத் தெரியும். ஆனால் விசாரணையில் மேனேஜர் முகத்தைச் சுளித்ததும் மோசஸ் கைகூப்பி, "தப்புதாங்க, மன்னிச்சிக்கோங்க" என்றுவிட்டான். பெரியவர்கள் கோபப்பட்டால் காரணம் கேட்காமல் இதைச் சொல்லிவிட வேண்டும். பண்ணையில் அந்த வார்த்தைதான் அவர்கள் முதுகைக் காப்பாற்றியது. ஆலைக்காரர்கள் அதைக் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எழுதிக்கொண்டார்கள்.

லேபர் கோர்ட்டில் அவன் வாயாலேயே மறுத்தால்தான் வேலை திரும்பக் கிடைக்கும். வேறு எந்த ஆலையும் அவனை வாசலில்கூட நிற்க விடவில்லை. எம்பார் தன் அறையில் அவனை நிற்க வைத்துப் பழக்கினார்.

"நீ எரிச்சியாப்பா?"

"இல்ல சாமி."

"கையைக் கீழே போடு. மறுபடி சொல்லு."

வீட்டில் அவன் மனைவி சாராள் மேனேஜராக மாறி அதட்டினாள். அவள் குரல் உயரும்போதெல்லாம் அவன் கை தானாக மேலே வந்தது. அவள் அதைத் தட்டித் தட்டி இறக்கினாள்.

சென்னையில் சாட்சிக் கூண்டில் மோசஸ் நன்றாகவே நின்றான். கம்பெனி வக்கீல் எத்தனை மிரட்டியும் "எரிக்கல" என்ற ஒரே பதில். எம்பாருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அப்போது அந்த வக்கீல் குரலைத் தாழ்த்தி, "ஏம்பா, சோறு போட்ட முதலாளி மேலேயே கேஸ் போடலாமா?" என்றார்.

மோசஸின் கைகள் எழுந்தன. "தப்புதாங்க."

எம்பார் பதறி எழுந்தார். "இது மரியாதைக்குச் சொல்ற வார்த்தை, சார். குற்றத்தை ஒத்துக்கலை."

"மிஸ்டர் எம்பார், சாட்சிக்குப் பதிலா நீங்க பேசறீங்களா? உட்காருங்க" என்று நீதிபதி அதட்டினார்.

"தப்புதான், மன்னிக்கணும்" என்று கும்பிட்டு உட்கார்ந்தார் எம்பார்.

பிற்பாடு தீர்ப்பு கம்பெனி பக்கம் போனது. சாட்சி சொன்ன அன்றே, வெளியே வந்ததும் எம்பாருக்கு ஆத்திரம் அடங்கவில்லை. "ஒரு வார்த்தை. அதை அடக்க முடியலையா உன்னால?"

கோர்ட்டுக்குள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்த சாராள்தான் பேசினாள்.

"அவர திட்டாதீங்க சாமி. ஜட்ஜு ஒரு அதட்டு போட்டதுக்கு நீங்களும் கும்புட்டுக்குனு அதத்தான சொன்னீங்க? இவ்ளோ படிச்ச உங்களுக்கே அடக்க வரலன்னா, அவருக்கு எங்கேர்ந்து வரும்?"

எம்பார் கோர்ட்டுப் படியிலேயே உட்கார்ந்து அழுதார். மோசஸ் பயந்துபோய், மறுபடியும் கைகூப்பி, "தப்புதான் சாமி, அழுவாதீங்க" என்றான்.