ஒரு சான்றிதழ், இரண்டு பேர்: வடகரைப் பயணம்

ஆனி மாதக் கடைசியில் தென்காசிக்குப் போய் வந்தேன். குற்றாலத்தில் சாரல் விழுகிற நேரம் என்பதால், குளிக்கப் போகவில்லை என்று நான் சொன்னதை வீட்டில் யாரும் நம்பவில்லை. நான் போனது ஒருவருக்குத் தேர்வு நடத்த.

பழைய எட்டு பிட் கணினிகளைத் தேடிப் பிடித்து ஓட வைக்கும் ஆட்கள் நாங்கள். தமிழ்நாடு முழுக்கச் சேர்த்தாலும் ஒரு கல்யாண மண்டபத்தில் பாதிகூட நிறையாது. இணையத்தில் எங்களுக்கு ஒரு மன்றம் உண்டு. போன வருடம் யாரோ ஒருவர் அங்கே மின் இணைப்பை மாற்றிச் சொல்லிவிட, சேலத்துக்காரர் ஒருவருடைய அருமையான கணினி புகைந்து போனது. அதற்குப் பிறகு நிர்வாகக் குழு சான்றிதழ் திட்டம் கொண்டுவந்தது. நாலாயிரம் ரூபாய் கட்டி, வீட்டுக்கு வரும் பரிசோதகர் முன்னால் ஒரு கணினிப் போர்டைப் பழுதுபார்த்துக் காட்ட வேண்டும். தேறினால் பெயருக்குப் பக்கத்தில் பச்சை முத்திரை. ‘பழுது உதவி’ பகுதியில் யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம். பதில் சொல்ல மட்டும் முத்திரை வேண்டும். இந்தத் திட்டத்துக்குக் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன், பிறகு பரிசோதகரும் ஆனேன். முத்திரை வந்த அன்று அதைப் படம் பிடித்து மனைவிக்கு அனுப்பினேன். ‘கேஸ் புக் பண்ணியாச்சா?’ என்று பதில் வந்தது.

வடகரை மைதீன் பாய் மன்றத்தின் மூத்த ஆள். குவைத்தில் டிவி சர்வீஸ் கடையில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். வரும்போது, ஆங்கிலத்தோடு அரபி எழுத்தும் போட்ட கீபோர்டு உள்ள ஒரு கணினியைக் கம்பளியில் சுற்றிக் கொண்டுவந்தார். காலையில் சுபுஹு தொழுகை முடிந்ததும் மன்றத்தில் பதில் போட உட்காருவார். என்னுடைய முதல் கணினி அவர் சொல்லித்தான் எழுந்து நின்றது. புது விதி வந்ததும் அவருக்குப் பதில் பெட்டி பூட்டிக்கொண்டது. ஆறு மாதம் ஒன்றும் சொல்லாமல் இருந்தவர், திடீரென்று பணம் கட்டிவிட்டார். அவருக்குப் பக்கத்தில் இருக்கும் பரிசோதகர் மதுரையிலிருக்கும் நான்தான்.

மாட்டுத்தாவணியில் காலை ஐந்தரைக்குச் செங்கோட்டை பஸ் ஏறினேன். தென்காசி சுமார் நூற்றறுபது கிலோமீட்டர், நான்கு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். இடதுபக்க ஜன்னலுக்கு அடித்துப் பிடிக்காதீர்கள், மலை வலதுபக்கம் வரும். புளியங்குடி தாண்டியதும் மேகம் மலையை முழுக்க மூடியிருந்தது. தென்காசியில் இறங்கி இட்லி, வடை, காபி எழுபது ரூபாய். அங்கிருந்து வடகரைக்கு ஆட்டோ முந்நூற்றைம்பது. அவசரம் இல்லாதவர்கள் டவுன் பஸ்ஸுக்குக் காத்திருக்கலாம்.

“பொட்டியில என்ன அண்ணாச்சி, மீனா?” என்றார் ஆட்டோக்காரர். பழைய கம்ப்யூட்டர் என்றேன். “குற்றாலத்துக்குப் போறவங்க எண்ணெயும் துண்டும்லா கொண்டாருவாங்க. எப்படியும் இன்னைக்கு மெயின் அருவியில விடமாட்டாங்க, தண்ணி கூடிட்டு.” அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. வழியெல்லாம் வயலும் தென்னையும்தான், தூறல் விட்டுவிட்டு விழுந்துகொண்டே இருந்தது.

பாய்க்கு அறுபத்தேழு வயது. வாசலுக்கே வந்து பெட்டியில் ஒரு கை கொடுத்தார். அந்தக் கை நடுங்கியது. ஏதோ குளிர் என்று நினைத்துக்கொண்டேன்.

தேர்வின் முதல் பகுதி, பழுதைக் கண்டுபிடிப்பது. நான் கொண்டுபோன போர்டை டிவியில் இணைத்தேன். திரை முழுக்கக் கட்டம் கட்டமாகக் குப்பை. பாய் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். “மெமரி நல்லாத்தான் இருக்கு தம்பி. அந்தப் பெரிய சிப்புல ஒரு கால் செத்துட்டு. கழத்திட்டு சாக்கெட் போட்டு வேற சிப் சொருவணும்.” சரியான விடை. முழு மதிப்பெண் போட்டேன்.

இரண்டாவது பகுதி, அதைச் செய்து காட்டுவது. நாற்பது உலோகக் கால் உள்ள சிப்பை போர்டு கெடாமல் கழற்ற வேண்டும். நான் கடிகாரத்தைப் பார்த்துத் தலையசைத்ததும், அதுவரை கதவு நிலையருகில் நின்ற அவர் மனைவி ஜமீலா அக்கா வந்து, மேசை முன்னால் உட்கார்ந்து, ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்னை எடுத்தார்.

“அக்கா, தேர்வு பாய்க்குத்தான்” என்றேன்.

“இவுகளுக்குக் கை நடுங்குதுல்லா. நாலஞ்சு வருசமா நான்தான வைக்கேன்? இவுக எடத்தச் சொல்லுவாக, நான் வைப்பேன்.”

அக்கா சின்ன வயதிலிருந்து பீடி சுற்றுகிறவர். விரல்கள் அப்படியொரு நிதானம். ஆனால் அந்தச் சிப் என்ன வேலை செய்கிறது என்று கேட்டால் அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. எங்கள் விதியோ, தேர்வு எழுதுபவர் யாருடைய உதவியும் இல்லாமல் செய்ய வேண்டும் என்கிறது. அதைச் சொன்னேன்.

பாய் அயர்னை வாங்கிக்கொண்டார். வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்தபடி முதல் காலில் வைத்தார். நழுவியது. மறுபடி வைத்தார். மறுபடி நழுவி போர்டில் ஒரு கருப்புக் கோடு விழுந்தது. அயர்னை ஸ்டாண்டில் வைத்துவிட்டு, “நீங்க ரூல்படி எழுதிக்கோங்க தம்பி” என்றார்.

அக்கா என்னைப் பார்த்தார். “பீடிக் கடையில சரியில்லன்னு கழிச்ச பீடிக்குத்தான் தம்பி காசு புடிப்பாங்க. நீங்க பேசுததுக்கே புடிக்கிய. இவுக காலைல எந்திச்சு அந்தப் பொட்டியத் தொறந்து, ஆருக்கும் பதில் போட முடியாம மூடி வைக்காக. ஆறு மாசமா இதத்தான் பாக்கேன்.”

அவருக்குக் கோபம்கூட இல்லை, விவரம் சொல்வது போலத்தான் சொன்னார். எனக்கு வெட்கமாக இருந்தது. கடிகாரத்தை நிறுத்திவிட்டு, எப்போதும் செய்வது போல இரண்டு பேருமாகச் செய்யுங்கள் என்றேன்.

அதன் பிறகு நடந்தது சண்டையா வேலையா என்று தெரியவில்லை. “அங்கன இல்ல, இங்கன.” “இங்கனதான வச்சிருக்கேன்.” “எடு எடு, சூடு போதும்.” “அப்பமே சொன்னா என்ன?” ஓரிடத்தில் பாய் சொல்லத் தாமதிக்க, அக்கா எடுக்கத் தாமதிக்க, போர்டின் செப்புத் தடம் ஒன்று உரிந்து வந்துவிட்டது. பிறகு பாய் ஒரு மெல்லிய கம்பியை நீட்டினார், அக்கா அதை வைத்து ஒட்டுப் போட்டார். சாக்கெட் வைத்துப் புதுச் சிப்பைச் சொருகியதும் திரை சுத்தமாக வந்தது. மீன் குழம்போடு சாப்பாடு போட்ட பிறகுதான் என்னை விட்டார்கள்.

சாயங்காலம் குற்றாலத்தில் ஆயிரத்து இருநூறு ரூபாய்க்கு அறை எடுத்தேன். சீசனில் அது மலிவுதான், ஈர வாடையைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். அங்கே உட்கார்ந்து அறிக்கை எழுதினேன். தேர்வு எழுதியவர் பெயர் என்ற இடத்தில் இரண்டு பேரையும் போட்டு, இருவரும் சேர்ந்து தேறினார்கள் என்று அனுப்பினேன்.

மறுநாள் காலை ஐந்தருவியில் தடையை நீக்கியிருந்தார்கள். குளித்துத் துவட்டிக்கொண்டு போனைப் பார்த்தால், நிர்வாகக் குழுவின் பதில்: சான்றிதழ் தனிநபருக்கு மட்டுமே. வேண்டுமானால் இரண்டாவது கட்டணம் செலுத்தி இருவரும் தனித்தனியாக முழுத் தேர்வும் எழுதலாம். எழுதினால் இருவருமே தோற்பார்கள் என்று எனக்குத் தெரியும். பாய்க்குப் போன் செய்து சொன்னேன். “பரவாயில்ல தம்பி. குளிச்சியளா?” என்றார். அவர் அப்படிக் கேட்டது எனக்குத் தாங்கவில்லை.

ஊர் திரும்பிய வாரத்தில், கோவையிலிருந்து ஓர் ஆசிரியை மன்றத்தில் உதவி கேட்டார். அவர் பள்ளியில் ஓரமாகக் கிடந்த பழைய கணினி, திரையில் பட்டை பட்டையாகக் கோடு. முத்திரைக்காரர்கள் யாருக்கும் பிடிபடவில்லை, எனக்கும்தான். பாயை அழைத்துக் கேட்டேன். அவர் சொல்லச் சொல்ல, நடுவில் அக்கா அயர்னை எவ்வளவு நேரம் வைக்கலாம் என்று திருத்த, நான் அப்படியே தட்டிப் போட்டேன். சற்று நேரத்தில் நிர்வாகக் குழுவிலிருந்து ஒருவர் கீழே எழுதினார்: ‘அருமையான பதில். சான்றிதழ் ஏன் அவசியம் என்பதற்கு இதுவே உதாரணம்.’

அந்தப் பாராட்டுக்குக் கீழே உண்மையை எழுதினேன். பதில் வடகரையில் இருக்கும் இரண்டு பேருடையது, முத்திரை மட்டும்தான் என்னுடையது என்று. அன்று மாலையே என் முத்திரையும் போய்விட்டது. சேலத்துக்காரரின் கணினியை நான் மறக்கவில்லை. தப்பாகச் சொல்கிறவர்களைத் தடுக்கத்தான் வேண்டும். ஆனால் நாங்கள் பூட்டியது அவர்களை அல்ல.

தானே அயர்ன் பிடிக்கத் துணியாத ஆசிரியை எனக்குத் தனியாக எழுதிக் கேட்டார், வடகரைக்கு எப்படிப் போவது என்று. இந்தப் பதிவே அதற்கான பதில். பாயிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். கோவையிலிருந்து தென்காசிக்கு நேரடிப் பேருந்து உண்டு. கணினியைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றுங்கள், எந்த நேரமும் தூறும். ஆட்டோவுக்கு முந்நூற்றைம்பதுக்கு மேல் கொடுக்காதீர்கள். மதியச் சாப்பாட்டை வேண்டாம் என்று சொன்னால் எடுபடாது. வியாழக்கிழமை காலையில் அக்கா பீடிக் கடைக்குப் போயிருப்பார். பாய் உங்களை உட்கார வைத்து, டீ கொடுத்து, பழுது என்ன என்று சொல்லிவிடுவார். அதைக் கேட்டுக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். அக்கா வரும்வரை இருங்கள்.