பொங்கலூர்க் கோழிப்பண்ணையில் சார்ஜ் ஏறாத ஜெனரேட்டர்

அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இன்றைக்குத் திருப்பூரில் எந்தப் பனியன் கம்பெனி ஜெனரேட்டர் மக்கர் செய்தாலும் முதல் போன் எனக்குத்தான். பெருமைக்குச் சொல்லவில்லை என்று பொய் சொல்லமாட்டேன், பெருமைதான். ஆனால் எனக்கே வேர்த்துக் கொட்டிய இடம் பொங்கலூர்ப் பக்கம் ஒரு கோழிப்பண்ணை.

அன்றைக்குப் பராமரிப்பு வேலைக்காகச் சாயங்காலம் வரை கரண்ட் கிடையாது. உச்சி வெயிலில் சரசு போன் செய்தாள். பனியன் கம்பெனியில் டெய்லராக இருந்து, கடன் வாங்கி ஷெட் போட்டவள்.

“அண்ணா, ஜெனரேட்டர் நின்னு போச்சுங்க. செல்ப் அடிச்சா டக்கு டக்குங்குது. பேன் ஓடலீங்க, கோழியெல்லாம் வாயைப் பொளந்துட்டு நிக்குதுங்க!”

“பேட்டரி பழசா அம்மணி?”

“ஆயுத பூசைக்கு அப்புறம் இது ரெண்டாவது பேட்டரிங்ணா.”

மூடிய ஷெட். பேன் நின்றால் காற்றே இல்லை. குஞ்சும் தீவனமும் கோழிக் கம்பெனி கொடுப்பது. மொத்தமாகச் செத்தால் அடுத்த பேட்ச் குஞ்சு இறக்கமாட்டார்கள். சரசுவுக்குக் கடன்தான் மிஞ்சும்.

என் கடையில் பாதி சார்ஜில் கிடந்த பேட்டரியை மொபெட்டில் கட்டிக்கொண்டு பறந்தேன். மாட்டியதும் என்ஜின் பிடித்தது. பேன்கள் சுற்றின. சரசுவின் வீட்டுக்காரர் துரைசாமி கையெடுத்துக் கும்பிட்டார்.

“இரு மாப்ள” என்று பேட்டரியில் மீட்டரை வைத்தேன். என்ஜின் ஓடும்போது பதினாலு வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும். பன்னிரண்டு காட்டியது, அதுவும் இறங்கிக்கொண்டிருந்தது. இந்த என்ஜினில் டீசல் வால்வைத் திறந்து பிடித்திருப்பதே பேட்டரி கரண்டுதான். பேட்டரி படுத்தால் வால்வு மூடிக்கொள்ளும், என்ஜின் நின்றுவிடும். வேறு பேட்டரி கையில் இல்லை.

“நிறுத்திப்போட்டுப் பாக்கலாங்களா?” என்றார் துரைசாமி.

“நிறுத்துனா மறுபடி எடுக்காது. ஓடட்டும்.”

ஓட ஓடவே, என்ஜின் சுற்றும்போது பேட்டரிக்குக் கரண்ட் உண்டாக்கும் சார்ஜிங் காயிலின் இரண்டு மஞ்சள் ஒயரைப் பிடுங்கி வோல்ட் பார்த்தேன். நன்றாக வந்தது. அடுத்தது, அதை வாங்கிப் பேட்டரிக்கு ஏற்றும் ரெகுலேட்டர். ஒயரைத் திரும்ப மாட்டிப் பார்த்தால் அதிலிருந்து ஒன்றும் வரவில்லை.

“போச்சுங்களா?” என்றார் துரைசாமி.

புது ரெகுலேட்டருக்குக் கோயமுத்தூர் போக வேண்டும். மீட்டர் பன்னிரண்டுக்குக் கீழே போய்விட்டது. சரசு ஷெட் கதவுக்கும் என்ஜினுக்கும் நடந்துகொண்டே, “பொறுங்க கண்ணுகளா, பொறுங்க சாமி” என்று கோழிகளிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் என்ஜினை நன்றாகப் பார்த்தேன். பளபளவென்று பச்சை. மேலே சந்தனப் பொட்டு.

“யாரு மாப்ள பெயிண்ட் அடிச்சது?”

அந்த நேரத்திலும் துரைசாமிக்கு முகம் மலர்ந்தது. “நாந்தானுங்க, பூசைக்கு. ஒவ்வொண்ணாக் கழட்டிப் பின்பக்கமும் ரெண்டு கோட்டு.”

“ரெகுலேட்டரையுமா?”

“அதுக்கு மூணு கோட்டுங்க.”

அந்த ரெகுலேட்டருக்கு எர்த் ஒயர் தனியாகக் கிடையாது. அதன் உடம்பு என்ஜின் இரும்பைத் தொட்டால்தான் எர்த். நடுவில் மூன்று கோட்டு பெயிண்ட் இருந்தால் பேட்டரிக்குக் கரண்ட் எப்படி ஏறும்! ரெகுலேட்டர் உடம்பைச் சுரண்டி, அங்கிருந்து பேட்டரி நெகடிவுக்கு ஒரு ஒயரைப் பிடித்தேன். மீட்டர் ஒரு நொடி நின்றது. பிறகு ஏறியது. பதிமூன்றைத் தாண்டியதும்தான் எனக்கு மூச்சு வந்தது.

சரசு புருஷனைப் பார்த்தாள். “பூசை போட்டு என் பொழப்புக்கே மாலை போடப் பாத்தீங்களே!”

கரண்ட் வந்தபின் என்ஜினை நிறுத்தி, ரெகுலேட்டர் உட்காரும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்து மாட்டிக் கொடுத்தேன்.

தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: எந்தப் பார்ட் போச்சு என்று தேடும் முன், கடைசியாக அந்த என்ஜினுக்கு யார் என்ன நல்லது செய்தார்கள் என்று கேளுங்கள்.

அடுத்த பூஜைக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். என்ஜின் மறுபடியும் புதுப் பச்சை. ரெகுலேட்டரைச் சுற்றி மட்டும் டெய்லர் சாக்பீஸில் ஒரு வட்டம்.

“அதுக்குள்ள அவரு கை வெக்கக் கூடாதுங்ணா” என்றாள் சரசு.