சிக்கக்கா போடும் சிக்கு

அழகாகச் சுற்றிவைத்த கம்பளி நூல் உருண்டையை எடுத்து, பூனைகூடச் செய்யத் தயங்கும் வேலையை அவர் செய்கிறார். பிரிக்கிறார், கசக்குகிறார், உள்ளே விட்டு வெளியே இழுக்கிறார், நடுநடுவே பல்லைக் கடித்துக்கொண்டு முடிச்சும் போடுகிறார். நூல் குருவிக்கூடு மாதிரி ஆன பிறகுதான் முகத்தில் ஒரு நிம்மதி. அதை மேசை இழுப்பறையில் போட்டு மூடிவிட்டு, கைப்பையை மாட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்புகிறார். அவர் மனநல ஆலோசகர். அன்றாடம் அவருடைய கடைசி வேலை இதுதான்.

வருகிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் தொடங்குவார்கள்: "ஒண்ணுமில்ல மேடம், சும்மாதான் வந்தேன்." அவர் உடனே இழுப்பறையைத் திறந்து, "நல்லவேளை வந்தீங்க. இதப் பாருங்களேன், எப்படித்தான் இப்படி ஆகுதோ! அந்த நுனியக் கொஞ்சம் புடிங்க" என்பார். எதிரெதிரே உட்கார்ந்தால் போலீஸ் விசாரணை போலிருக்கும் என்று, நாற்காலிகளை ஜன்னலைப் பார்த்து அருகருகே போட்டிருக்கிறார். கண்ணும் கையும் நூலில் இருந்தால் வாய்க்குக் காவல் ஏது? ஒரு முடிச்சு இளகுவதற்குள் வந்தவர் மாமியாரிலோ தூக்கமின்மையிலோ ஆரம்பித்துவிடுவார். ஆலோசகரின் பங்கு பெரும்பாலும் ஒரே சொல்: "அப்புறம்?" வரவேற்பு மேசைப் பெண்தான் அவருக்குச் 'சிக்கக்கா' என்று பெயர் வைத்தாள்.

கேள்விக்குக் கேள்வியே கேட்கும் பழக்கத்தால் வீட்டார் படும் பாடு தனி. தங்கை கடையிலிருந்து போன் செய்து, "அக்கா, ஜன்னல் திரை நீலமா, பச்சையா?" என்று கேட்டால், "உனக்கு என்ன தோணுது?" என்பார். "தோணினா உனக்கு எதுக்குப் போன் பண்றேன்? சொல்லித் தொலையேன்!" கணவர் கரண்டியோடு வந்து உப்பு போதுமா என்றால், "போதாதோன்னு ஏன் நெனைக்கிறீங்க?" என்பார். அந்த மனிதர் நல்லவர். "நான் சமையல்காரன்டி தாயே, நோயாளி இல்ல" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

அப்பேர்ப்பட்ட சிக்கக்காவுக்கே தண்ணி காட்டினார் ஒரு பெயின்டர். உயரமான கட்டடங்களின் வெளிச்சுவருக்கு வண்ணம் அடிப்பவர். மனைவிதான் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். "வேலைல ஒரு விபத்து மேடம். அவருக்கு ஒண்ணும் ஆகல. ஆனா அன்னிலேருந்து செவுத்தப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கார். ஷூ லேசக்கூட கட்டறதில்ல, மழையிலயும் செருப்புதான்." மிச்சத்தை அவரே சொல்லட்டும் என்று சிக்கக்கா மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த இழுப்பறையைத் திறந்திருக்கமாட்டார்.

பெயின்டர் உட்கார்ந்தார், நூலை வாங்கினார், கண்மூடித் திறப்பதற்குள் பிரித்து உருண்டையாகச் சுற்றிவைத்துவிட்டு எழுந்து போனார். 'அப்புறம்?' என்று கேட்கக்கூட இடம் கிடைக்கவில்லை. அடுத்த வாரம் சிக்கக்கா சாப்பாட்டு நேரத்தையும் செலவழித்து, சிக்கை இன்னும் கடுமையாக்கிப் பார்த்தார். மனிதர் அசரவில்லை. ஒவ்வொரு முடிச்சைத் தொடும்போதும் அவர் முகம் இறுகியது மட்டும் தெரிந்தது. ஏன் என்று பிடிபடவில்லை.

அதற்கடுத்த வாரம் மனைவி சிக்கக்காவை வாசலிலேயே நிறுத்தினாள். "இன்னிக்குதான் கடைசின்னு சொல்லிட்டார் மேடம். நீங்களும் கைவிட்டுட்டா நான் யாருகிட்ட போவேன்?"

பெயின்டர் நூலை வாங்கினார். பிரிக்கவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது தானா விழுந்த சிக்கு இல்ல மேடம். யாரோ போட்டிருக்காங்க. போன தடவையும் இதே கைதான்."

சிக்கக்காவுக்குக் காது வரை சூடேறியது. சமாளிக்க ஆயிரம் வாக்கியம் படித்திருந்தார். அத்தனையையும் விட்டுவிட்டு உண்மையைச் சொன்னார்.

"நான்தான். தெனம் சாயங்காலம் உக்காந்து போடறேன். பொய் சொல்லிட்டேன், மன்னிச்சுக்குங்க."

பெயின்டரின் உதட்டோரம் கொஞ்சம் அசைந்தது. "இதுக்குன்னு உக்காந்தா போடறீங்க?"

"அவ்வளவு மோசமாவா இருக்கு?"

"இதெல்லாம் ஒரு முடிச்சா மேடம்? இழுத்தா வந்துரும்." சொல்லிக்கொண்டே ஒன்றை இழுத்துக் காட்டினார்; அது வந்துவிட்டது. பிறகு, "என்னுதும் வந்துருச்சு" என்றார்.

விபத்தன்று, சுவரில் தொங்கி வேலை செய்யக் கூட்டாளியின் இடுப்பில் கயிறு கட்டிவிட்டவர் அவர். முடிச்சு நழுவி, கூட்டாளி மணல் குவியலில் விழுந்து கால் உடைந்தது. "உசுரோடதான் இருக்கான். போன் மேல போன். நான் எடுக்கல. 'கால்தான் ஒடஞ்சிருக்கு, வாய் நல்லாத்தான் இருக்கு, வந்து திட்டு வாங்கிட்டுப் போடா'ன்னு மெசேஜ் போடறான். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போவேன்?"

முடிச்சு நழுவிய மனிதனின் கையில் போயும் போயும் நூலைத் திணித்தோமே என்று சிக்கக்காவுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. 'உங்க தப்பு இல்ல' என்று சொல்ல நாக்கு துடித்தது. அதை அவர் வீட்டில் எல்லாரும் சொல்லி முடித்திருப்பார்கள். நாற்காலியை ஒரு சாண் நெருக்கிப் போட்டுக்கொண்டு, "அப்புறம்?" என்றார்.

அப்புறம் நிறைய இருந்தது. மனைவி கதவுக் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்து, கணவரின் வாய் அசைவதைக் கண்டு, வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போனாள்.

நேரம் முடிந்ததும் சிக்கக்கா நூலை அள்ளினார். "இனிமே இத உங்க கண்ணுலயே காட்டமாட்டேன்."

"குடுங்க" என்று பெயின்டர் கை நீட்டினார். நுனியைத் தன் நாற்காலியின் கைப்பிடியில் சுற்றினார். இரண்டு முறை தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டு, மூன்றாம் முறை ஒரு முடிச்சு போட்டார். "அடுத்த வாரம் நானே வந்து அவுக்கறேன். நிக்குதான்னு இழுத்துப் பாருங்க."

சிக்கக்கா எழுந்து நின்று, நூலைக் கையில் சுற்றிக்கொண்டு, பலங்கொண்ட மட்டும் இழுத்தார். நாற்காலி கிறீச்சென்று அவர் பக்கம் நகர்ந்து வந்தது.