பாவாடை நாடாவும் ஐந்து நிமிடமும்

திருவல்லிக்கேணியில் நான் தேகப்பயிற்சி ஆசிரியையாக இருந்த பெண்கள் பள்ளியில் ஓர் ஆயா இருந்தாள். அவளுக்கும் என் வயதுதான் இருக்கும். எந்த வேலையைத் தொடுமுன்னும் முந்தானையை இடுப்பில் இறுகச் செருகிக்கொள்வாள்.

இரண்டு பாடங்களுக்கு நடுவே ஐந்து நிமிடம் பிள்ளைகளைக் குதிக்க வைப்பது என் ஏற்பாடு. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளோ கையைத் தூக்கவே மறுத்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் அந்த நேரத்தைக் கணக்குப் பாடத்துக்குக் கொடுத்துவிடுவதாகத் தலைமை ஆசிரியை சொல்லிவிட்டார். காரணங்களை ஒரு காகிதத்தில் எழுதிப் பார்த்தேன்: சோம்பல், கூச்சம், பசி.

ஆயா சிரித்தாள். "இன்னா டீச்சரம்மா எழுதிக்கினு கீறீங்க? எல்லாம் அக்காளுங்க போட்ட பாவாடை, லொடலொடன்னு கீது. கையத் தூக்குனா அவுந்துடும்னு பயப்படுதுங்க."

பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொரு நாடாவையும் இழுத்து முடிந்தாள். "இப்போ குதிங்கடி!"

வகுப்பே அதிர்ந்தது. மணி அடித்த பிறகும் அவர்கள் நிற்கவில்லை.

வெள்ளிக்கிழமை தலைமை ஆசிரியை வந்து பார்த்துவிட்டுத் தலையசைத்தார். அவர் போனதும் கவனித்தேன். கடைசி வரிசையில் ஆயாவும் கைகளை உயர்த்திக் குதித்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு எதுக்கு இது?" என்றேன்.

"நாள் பூரா குனிஞ்சே பெருக்கறேன். நிமிர்றதுக்கு இந்த அஞ்சு நிமிசந்தான் கீது."

திங்கட்கிழமை முதல், வரிசையை எண்ணும்போது அவளையும் சேர்த்தே எண்ணினேன்.