போலிக் கணக்குக்கு மூன்று நோட்டீஸ்

என் தங்கை பெங்களூரு மல்லேஸ்வரத்தில் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியை. போன வருடம் யாரோ அவள் பெயரிலும் படத்திலும் ஆன்லைனில் ஒரு போலிக் கணக்கைத் திறந்து, மாணவர்களின் அப்பாக்களுக்கு அசிங்கமான செய்திகள் அனுப்பினார்கள். பள்ளி நிர்வாகம் அவளை நம்புவதாகச் சொன்னது. சொல்லிவிட்டு, விஷயம் தெளிவாகும் வரை வீட்டிலேயே இருக்கச் சொன்னது.

நான் எலெக்ட்ரானிக் சிட்டி ஆபீஸில் அரை நாள் லீவு போட்டு அவளை சைபர் போலீஸ் ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனேன். அங்கிருந்த பெண் இன்ஸ்பெக்டர் கோலார் தங்கவயல்காரர். நாங்கள் பேசிக்கொள்வதைக் கேட்டதும் கன்னடத்தை விட்டுத் தமிழுக்கு வந்துவிட்டார்.

“அக்கவுண்ட் யாரோடதுன்னு கம்பெனிக்கு நோட்டீஸ் அனுப்பிக் கேப்போம். அதுக்கு எங்களுக்குச் சட்டத்துல பவர் இருக்கு, கோர்ட்டுக்குப் போக வேணாம். ஸ்வல்ப வெய்ட் பண்ணுங்க.”

‘ஸ்வல்ப’ என்றால் கன்னடத்தில் கொஞ்சம். அந்தக் கொஞ்சம் இரண்டரை மாதம்.

முதல் நோட்டீஸ் திரும்பி வந்தது. அதில் தங்கையின் பெயரும் படமும்தான் இருந்தன. அந்தப் பெயரில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், கணக்கின் முழு இணைய முகவரி வேண்டும் என்றது கம்பெனி. நியாயம்தான். ஆனால் அதைச் சொல்ல மூன்று வாரம். இரண்டாவதும் திரும்பி வந்தது. முகவரியில் ஆங்கில எல் வர வேண்டிய இடத்தில் ஸ்டேஷனில் ஒன்று என்ற எண்ணைத் தட்டியிருந்தார்கள். அப்படி ஒரு கணக்கே இல்லை என்று ஒரு வரியில் பதில். அந்த ஒரு வரிக்குப் பதினெட்டு நாள். இதே கம்பெனி நாங்கள் புகார் செய்த மறுநாளே போலிக் கணக்கை முடக்கியிருந்தது. திறந்தது யார் என்று சொல்லத்தான் வாய் வரவில்லை.

“பவர் இருக்குன்னு சொன்னீங்களே மேடம்” என்றேன்.

“பவர் இருக்குதும்மா. பதில் வரணும் இல்ல?”

மூன்றாவது நோட்டீஸுக்கு முகவரியை நானே எழுத்தெழுத்தாகப் படித்துச் சொல்கிறேன் என்று போனேன். அன்று தங்கைக்குப் பதிலாக அவள் கணவர் என்னோடு வந்தார். வேலை முடிந்ததும் நான் வெளியே ஜெராக்ஸ் எடுக்கப் போனேன். திரும்பி வந்தபோது அறைக்குள் அவர் பேசிக்கொண்டிருந்தார்.

“மேடம், அப்படியே என் ஒய்ஃபோட அக்கவுண்டையும் கேட்டு வாங்கிடுங்களேன். யார்கிட்ட என்ன பேசுறான்னு தெரிஞ்சா எனக்கு ஒரு நிம்மதி.”

இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “சார், கம்ப்ளைன்ட் கொடுத்தது உங்க சம்சாரம். அவங்க பேர்ல இன்னொருத்தன் அக்கவுண்ட் தொறந்திருக்கான், அவன் யாருன்னு கேக்கத்தான் இந்த நோட்டீஸ். அவங்க என்ன பேசுறாங்கன்னு பாக்கறதுக்கு இல்ல. தெரியணும்னா வீட்ல போய் அவங்களையே கேளுங்க.”

தங்கையின் கணவர் திரும்பி என்னைப் பார்த்தார். “சும்னே, சும்மாதான் கேட்டேன்க்கா” என்றார்.

வெளியே வந்து ஆட்டோவில் ஏறினோம். கேட்டதைக் கொடுத்துத் தொலைக்க இவர்களுக்கு என்ன கேடு என்று ஒன்றரை மாதமாகக் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருந்தவள், கேட்டவர்களுக்கெல்லாம் கொடுக்கக் கூடாது என்ற அந்த விதிகளை அன்று திட்ட முடியாமல் தவித்தேன். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

தங்கையிடம் சொல்வதா வேண்டாமா என்று இரண்டு நாள் புழுங்கிவிட்டுச் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள், நிறுத்தவில்லை.

“தெரியும்க்கா. நான் குளிக்கப் போனா என் போனை எடுத்து நோண்டுவாரு. பாஸ்வேர்டை மாத்திட்டேன். அதான் போலீஸ்கிட்டப் போயிருக்காரு.”

“அவர்கிட்ட கேட்டியா?”

“கேட்டா என்ன சொல்வாரு? உன் நல்லதுக்குத்தான்னு சொல்வாரு.”

மூன்றாவது நோட்டீஸுக்குப் பதில் வந்தது. அதில் ஒரு செல்போன் எண் இருந்தது. வண்டியைக் கண்மண் தெரியாமல் ஓட்டுகிறார் என்று தங்கை புகார் சொல்லி வேலை போன, பள்ளி வேன் டிரைவரின் எண் அது. கூப்பிட்டு விசாரித்ததும் ஒப்புக்கொண்டார்.

அவள் கணவர் இன்றுவரை அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவளும் பாஸ்வேர்டைச் சொல்லவில்லை.

பள்ளியில் பூங்கொத்தோடு வரவேற்றார்கள். அவள் அதை வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு, தன்மேல் தவறில்லை என்று எழுத்தில் தரும்படி கேட்டாள். நான்கு வரிக் கடிதம். அதற்கும் பத்து நாள் ஆயிற்று.