எஸ்தர் டீச்சர் ஊற்றிய தண்ணீர்

எஸ்தர் டீச்சர் தவறிப்போன செய்தியை வட்டகொடையிலிருந்து பஸ்ஸில் வந்த ஒரு அம்மாள் சொன்னார். மகளுக்கு இருமல் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். பாதி மருந்து என் சேலையில் கொட்டியது.

ஹட்டனில் அவரோடு படிப்பித்த உங்களுக்கெல்லாம் எங்கள் சண்டை தெரியும். அவர் புரட்டஸ்தாந்து சபை, நான் கத்தோலிக்கச்சி. மாதா ஆத்தும சரீரத்தோடு மோட்சம் போனாள் என்று பாப்பரசர் பிரகடனம் செய்த வருடம் அது.

"ஏங்க மேரி, உங்க பாப்பரசர் தப்பே பண்ண மாட்டாராமே? சோத்துல உப்புக் கூடிட்டா கூடவா?"

"அவரும் பாவம் செய்வாரு டீச்சர். விசுவாசத்தைப் பத்தி முழுத் திருச்சபைக்கும் தீர்ப்பாச் சொல்றப்ப மட்டுந்தான் தவறு வராது."

"அப்படின்னு யாரு சொன்னா?"

"திருச்சபை."

"அது தப்பாச் சொல்லியிருந்தா?"

மணி அடித்தது, பிழைத்தேன். மறுநாள் என் ஞானோபதேசப் புத்தகத்தை இரவல் கேட்டார். "சும்மா சண்டை போட்டா ருசியா இல்லைங்க" என்றார். முழுதும் படித்தார்.

அதன் பிறகுதான் என் மகள் பிறந்தாள். பிறந்து சில நாள்தான் ஆகியிருந்தது. சாமியார் ஞாயிற்றுக்கிழமைதான் நாங்கள் இருந்த தேயிலைத் தோட்டத்துக்கு வருவார். பிள்ளையைப் பார்க்க எஸ்தர் டீச்சர் வந்திருந்த மத்தியானம், அவளுக்கு மூச்சுத் திணறி உதடு நீலமாகிவிட்டது. என் வீட்டுக்காரர் டாக்டரைக் கூட்டிவர ஓடினார். ஞானஸ்நானம் இல்லாமல் போய்விடுவாளோ என்று எனக்கு உயிரே போயிற்று. தண்ணீரை எடுத்தேன், அவசரத்தில் செம்பு கைதவறி விழுந்தது.

எஸ்தர் டீச்சர் வேறு தண்ணீர் மொண்டார். "ஆபத்துல யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம்னு உங்க புத்தகத்துல இருக்கு."

"நீங்க இதையெல்லாம் நம்ப மாட்டீங்களே, டீச்சர்?"

"நீங்க நம்புறீங்கல்ல? உங்க சபை என்ன நினைச்சு ஊத்துதோ, அதையே நினைச்சு ஊத்துறேன். பிள்ளையைச் சரியாப் பிடிங்க."

பிள்ளை பிழைத்தாள். ஞாயிற்றுக்கிழமை என் மாமியார் சாமியாரிடம், "பதிதக் கையால, வேற சபைக்காரி ஊத்துன தண்ணி செல்லுமா சாமி?" என்று அழுதார். சாமியார் எஸ்தர் டீச்சரைக் கூப்பிட்டு, என்ன சொன்னார், தலையில் தண்ணீர் ஓடியதா, என்ன எண்ணத்தோடு செய்தார் என்று கேட்டார். பிறகு, "செல்லும். மறுபடி ஊத்தத் தேவையில்லை" என்று முடித்துவிட்டார்.

திரும்பி வரும் வழியில் எஸ்தர் டீச்சர் சிரித்தார். "உங்க சபை என் கையை ஒத்துக்கிச்சு. நான் இன்னும் உங்க பாப்பரசரை ஒத்துக்கலை, ஞாபகம் இருக்கட்டும்."

நேற்று அவருடைய ஆத்துமத்துக்காக ஜெபமாலையைக் கையில் எடுத்தேன். செத்தவர்களுக்காக வேண்டிக்கொள்வது அவர்கள் சபையில் இல்லை. அதற்காக மட்டும் எத்தனை நாள் சண்டை போட்டிருப்பார்! வேண்டிக்கொள்ளாமல் விட எனக்குப் பயமாக இருந்தது. "அந்த ஆத்துமா என்ன பாடு படுதோ, ஒரு மணியாச்சும் உருட்டு" என்று மாமியாரும் சொன்னார்.

மாலையைக் கீழே வைத்தேன். அவர்கள் கோயிலில் செய்வதுபோல் எழுந்து நின்று, அவர் வாழ்ந்ததற்காகக் கர்த்தருக்கு நன்றி மட்டும் சொன்னேன். அவர் என்ன நினைத்துச் சொல்வாரோ, அதையே நினைத்துச் சொன்னேன். எஸ்தர் டீச்சரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இது ஒன்றுதான்.